வளவுக்குள் கிணறு, கிணற்றுக்குள் என்ன?

பாதுகாப்பான குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கின்றன. தண்ணீர் வீட்டு வளவுக்குள்ளேயே இருக்கவேண்டும். வேண்டிய நேரத்தில் கிடைக்கவேண்டும். கிருமியோ நச்சோ கலவாததாக இருக்கவேண்டும். இந்த மூன்றும் ஒருங்கே வாய்க்காதவர்கள் உலகில் இன்னும் 210 கோடிப் பேர், அதாவது நால்வரில் ஒருவர் என்று 2025இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இந்த எண்ணைக் கேட்டதும் எங்கோ ஒரு வறண்ட நாட்டில் குடத்தோடு மைல்கணக்கில் நடக்கும் பெண்ணைத்தான் நினைக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்பவருக்குத் தன் வீட்டுக் கிணற்றடி நினைவுக்கு வருவதில்லை. வரவேண்டும் என்பதே என் கருத்து. முதல் இரண்டு அளவுகோலிலும் எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலேயே தேறிவிட்டோம். கிணறு வளவுக்குள் இருக்கிறது, வாளியை எப்போது விட்டாலும் தண்ணீர் வருகிறது. மூன்றாவதில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத விதமாக.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு வலிகாமத்து ஊர்களின் வெள்ளத்தைக் குளம் குளமாக வாங்கி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேர்க்கிறது. அவ்வளவுதான். ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களுக்கு நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த மூன்று மாத மழையில் நிலத்துக்குள் இறங்கியதைத்தான். நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல். வெடிப்பும் பொந்துமான பாறை. மழைநீர் அந்த இடுக்குகளில் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே தங்கி நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் அது மேலே மிதக்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு இடங்களில் இப்படிப் பெரிய நன்னீர்ப் படுக்கைகள் உண்டு. புத்தூர் நிலாவரைக் கிணறு ஆழம் காணமுடியாதது, இராமன் அம்பெய்து உண்டாக்கியது என்று ஊர் சொல்லிவந்தது. அங்கே மேல்மட்டத்தில் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். குடாநாடு முழுவதன் அமைப்பையும் அந்த ஒரு கிணறு காட்டிவிடுகிறது. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதும் இதே சுண்ணக்கல் வெடிப்புகளால்தான்.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. ஒல்லாந்தரான கைபனும் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டறிந்தது அது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நல்ல செய்திபோலத் தோன்றும். திருப்பிப் பார்த்தால் கலக்கம் வரும். கிணற்று நீர்மட்டம் நிரந்தரமாக ஒரு அடி இறங்கினால், கீழேயிருந்து உப்புநீர் 40 அடி மேலேறப் பார்க்கும். தண்ணீர் குறைகிறதே என்று கிணற்றை மேலும் ஆழமாக்குகிறவரும், குழாய்க்கிணறு அடிக்கிறவரும் உப்பைத்தான் போய்த் தொடுகிறார்கள். மற்ற ஊர்களில் ஆழம் என்பது பாதுகாப்பு. இங்கே அது ஆபத்து.

துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே நிற்பவர் கொடியைப் பிடித்துப் பட்டையை இறக்கி ஏற்றிக் கவிழ்க்க, இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற, ஒரு விடியற்காலையில் இறைக்கக்கூடியது அந்த மூவரின் உடம்பு தாங்குகிற அளவுதான். அதற்குமேல் கிணற்றைச் சுரண்ட வழியில்லை. ஆட்கள் ஓய்ந்த நேரத்தில் கிணறும் ஊறிக்கொண்டது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் மிஷின் வந்தது, பிறகு மின்மோட்டார் வந்தது. அந்தக் கடும் உழைப்பிலிருந்து மனிதர் விடுபட்டது நல்லதே; துலா மிதித்தவர்களில் பலர் அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்கு மிதித்தவர்கள் என்பதை மறந்து அந்தக் காலத்துக்கு ஏங்கக்கூடாது. ஆனால் உடம்பு போட்டிருந்த எல்லை போனபின் அதற்குப் பதிலாக வேறு எல்லை எதையும் நாங்கள் வைக்கவில்லை. கரையோரக் கிணறுகள் பல சவர்பட்டது அதன் பிறகுதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கிலங்கைக் கரையோரங்களில் உப்பான கிணறுகளைச் சுத்தம் செய்வதாக எண்ணித் திரும்பத் திரும்ப இறைத்தபோது, சில இடங்களில் அதுவே கீழிருந்த உப்பை மேலே இழுத்தது. மழையின் கையில் விட்டிருந்தால் விரைவாகத் தேறியிருக்கும்.

உப்பையாவது நாக்கு சொல்லிவிடும். பிளேன்ரீயின் ருசி மாறினால் வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது அம்மாதான். கேத்தில் அடியில் படியும் வெள்ளைக் காரை சுண்ணாம்புத் தன்மையைக் காட்டிக்கொடுக்கும். நைத்திரேற்று எதையும் காட்டாது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை என்று ஆண்டு முழுவதும் பயிர்; ஒவ்வொன்றுக்கும் யூரியா. பயிர் எடுத்தது போக மிஞ்சியது அடுத்த இறைப்பிலும் அடுத்த மழையிலும் கரைந்து செம்மண்ணைத் தாண்டி, சுண்ணக்கல் வெடிப்புக்குள் இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பல இந்த வரம்பைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாய்கிற நிலை வரலாம். இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் அதன் அளவு கூடும். குளோரின் போட்டாலும் போகாது. 'கொதிச்சாறின தண்ணிதானே குடுக்கிறோம்' என்று நிம்மதியாக இருக்கும் தாய்மாருக்கு இதைச் சொல்ல வேண்டிய கடமை ஒவ்வொரு சுகாதார ஊழியருக்கும் உண்டு.

யூரியா ஒரு பாதி. மறுபாதியைப் பேச எங்களுக்குக் கூச்சம். மலசலகூடம். குடாநாட்டின் பெரும்பகுதியில் கழிவுநீர்க் குழாய் அமைப்பு இல்லை. வீட்டுக்கு வீடு குழிதான், அதிலும் பலவற்றுக்கு அடித்தளம் கிடையாது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது நாம் கேட்டுப் பழகிய விதி. மண்ணில் அது ஓரளவு காப்பாற்றும், ஏனென்றால் மண் வடிகட்டும். வெடித்த சுண்ணக்கல் வடிகட்டாது. வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கழிவும் விரைந்து போகும். அந்த 50 அடியாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. சீதனத்துக்குப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்பில் வந்து நிற்கிற காணியில் (ஏறத்தாழ 5,400 சதுர அடி) வீடு, கிணறு, மலசலகூடம் மூன்றும் வேண்டும். பக்கத்து வளவிலும் அப்படியே. என் கிணறு என் குழியிலிருந்து தள்ளி இருக்கலாம். மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி எங்கே இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? எல்லைக் கதியாலுக்காக வழக்குப் பேசுகிற நாங்கள், நிலத்துக்குக் கீழே எல்லையே இல்லாத ஒரே தண்ணீரைப் பங்குபோட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

சுன்னாகத்தில் நடந்தது இதை எல்லாருக்கும் வெளிச்சமாக்கியது. அங்கிருந்த அனல் மின்நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியை மேலே எடுத்தால் வானவில் நிறத்தில் படலம். மணக்கும் தண்ணீரில் முகம் கழுவக்கூட முடியாத நிலை. பவுசர் வந்து சந்திகளில் வைத்த தாங்கிகளை நிரப்ப, நல்ல தண்ணீருக்குப் பெயர்போன வலிகாமத்து மக்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். ஒரு ஆய்வு எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொன்று மறுத்தது. 2015 தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின்நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தியது. சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு மின்நிலையத்தை நடத்திய நோதேர்ன் பவர் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. தனிமனிதர் என்ன செய்யமுடியும் என்று கேட்பவர்களுக்கு இந்த வழக்கை நான் முதலில் சொல்வேன். மணக்கிறது என்று வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பேசாமல் இருக்காமல், பிரதேச சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் முறைப்பாடு எழுதி, தெருவில் இறங்கி, வழக்குவரை கொண்டுபோன மக்கள் இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பு இல்லை.

பெரிய திட்டங்களின் கதை நெடியது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு' திட்டம் அவற்றில் மிக அழகானது. கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரிக்குக் கொண்டுவரும் மாரி வெள்ளத்தைக் கடலுக்கு விடாமல் மறித்து, முள்ளியன் கால்வாய் வழியாக வடமராட்சி நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுசென்று, இரண்டையும் மெல்ல மெல்ல நன்னீர் ஏரிகளாக்குவது. அவை நன்னீரானால் பக்கத்துக் கிணறுகளின் உப்பும் இறங்கும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. வேலை அரைகுறையாக நின்றது, போர் வந்தது, கதவுகள் பழுதடைந்தன. அதன்பின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்தபோது, கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை; சிறுபோகத்துக்கே தண்ணீர் எட்டாத ஆண்டுகளைக் கண்டவர்கள் அவர்கள். கடைசியில் வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்தது. 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடியே 40 இலட்சம் லீற்றர்.

குடிநீருக்கு அது பெரிய ஆறுதல். குழாய் வந்த வீட்டில் குழந்தைக்கு நல்ல தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் வெங்காயத்துக்கு அந்தக் குழாயிலிருந்து இறைக்கமுடியாது. கடல்நீரைப் பிரிக்க ஆகும் மின்செலவு அப்படி. தோட்டமும் மாடும் மரமும் கிணற்றையே நம்பியிருக்கும். எனக்குள்ள பயம் இதுதான்: 'இனிக் குழாய்த் தண்ணி வந்திட்டுது' என்று கிணற்றைக் கைவிட்டு, பாழ்கிணறாக்கி, குப்பைக் குழியாகவும் கழிவுக் குழியாகவும் மாற்றத் தொடங்கினால், பாறையின் வாயிலேயே நஞ்சை ஊற்றுவதாக முடியும். 1990இல் இடம்பெயர்ந்து, உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியிருந்த வலிகாமம் வடக்குக் காணிகளுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பியவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, தூர்ந்து கிடந்த கிணற்றைத் தேடிக்கண்டு கலக்கி இறைத்ததுதான். கைவிட்ட கிணறு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நல்ல தண்ணீர் யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வியையும் தாண்டிப் போகக்கூடாது. கிணறு நிறைந்த இந்த மண்ணில்தான், வாளியைத் தொட உரிமையின்றி, யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு கிணற்றடிக்கு வெளியே காத்துநின்ற சாதிகள் இருந்தன. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதன் பிறகும் நீண்டகாலம் போராடவேண்டியிருந்தது. கே. டானியல் தன் நாவல்களில் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்று பெயர் வைத்தது சும்மா அல்ல. இன்றும் ஒதுக்குப்புறத் தரவைகளிலும் உவர்நிலங்களிலும் குடியிருப்பவர்களும், பவுசரை எதிர்பார்த்திருக்கும் தீவகத்தாரும் யாரென்று பார்த்தால், பழைய கோடுகள் முழுக்க அழியவில்லை என்பது தெரியும்.

சரி, ஒரு வீட்டுக்காரர் என்ன செய்யலாம்? என் பதிலில் முதலில் வருவது சோதனை. வங்காளதேசத்து அனுபவம் இதற்குச் சாட்சி. குளத்து நீரைக் குடித்து வயிற்றோட்டத்தில் குழந்தைகள் இறக்கிறார்களே என்று 1970களிலிருந்து யுனிசெஃப் முதலானோரின் உதவியோடு அங்கே இலட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் அடிக்கப்பட்டன. நல்ல நோக்கம்தான். அந்த நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருப்பது 1993இல்தான் தெரியவந்தது. பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, ஆபத்தான குழாயின் வாய்க்குச் சிவப்பும் பாதுகாப்பானதற்குப் பச்சையும் பூசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கிய அறிவிப்பு அது. குடாநாட்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிணறுகள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒருமுறையேனும் சோதிக்கப்பட்டவை எத்தனை வீதம் இருக்கும்? தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கோடை முடிவில் ஒருமுறை, மாரி இறங்கியதும் ஒருமுறை பார்ப்பது நல்லது. உப்பு கோடையில் உச்சத்துக்கு வரும், உரமும் கழிவும் மழையோடு இறங்கும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலையே பயன்படுத்தி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுக்கவேண்டும். பழைய சோடாப் போத்தலில் இரண்டு நாள் வைத்துக் கொண்டுபோன தண்ணீர் எதையும் சொல்லாது. முடிவு வந்தால் அயலவருக்கும் காட்டுங்கள். அது ஒரே தண்ணீர்.

அடுத்தது கூரை. 1,000 சதுர அடிக் கூரையில் 1,200 மில்லிமீற்றர் மழை விழுந்தால், வழியில் ஐந்திலொரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு 88,000 லீற்றருக்கு மேல் சேரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்று வைத்தால் ஆண்டுத் தேவை 9,125 லீற்றர். கூரையில் விழுவதில் பத்திலொரு பங்கைச் சீமெந்துத் தொட்டியில் மூடிவைத்தால் ஒரு வருடக் குடிநீர் முடிந்தது. அதில் நைத்திரேற்றும் உப்பும் பொருட்படுத்தும் அளவில் இல்லை. முதல் மழையைக் கழித்துவிடவேண்டும், பீலியை மாரிக்கு முன் துப்புரவாக்கவேண்டும், குடிக்கும்போது கொதிக்கவைக்கவேண்டும். மிச்சத்தை வீதிக்கு ஓடவிடாமல் வளவுக்குள் இறக்கலாம். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். சென்னையில் கிணறுகள் ஊறின, கண்காணிப்புத் தளர்ந்த பின் 2019 கோடையில் நகரம் மறுபடி தவித்தது. இலங்கையிலும் 2005இல் மழைநீர்க் கொள்கை வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் புது வீடு கட்டுபவர்கள் முற்றம் முழுவதும் கல் பதித்து, ஒரு சொட்டும் நிலத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வதைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது.

மலக்குழியைப் புதிதாக வெட்டுபவர் அடியும் பக்கமும் சீமெந்தால் பூசிய தொட்டியாக்கி, நிறைந்ததும் பவுசரை அழைத்து அகற்றச் செய்வது செலவுதான். அயலவரின் குழந்தைக்குச் செய்யும் வைத்தியச் செலவென்று அதை நினைக்கலாம். தோட்டக்காரருக்கு நான் உபதேசம் செய்யத் தயங்குகிறேன். 2021இல் இரசாயன உரத்தை அரசு ஒரே நாளில் தடைசெய்ததில் கமக்காரர் பட்ட பாட்டை நாடே கண்டது. யூரியாவை நிறுத்து என்று யாரும் சொல்லவேண்டாம். ஒரே தடவையில் கொட்டாமல் பயிர் கேட்கும்போது பிரித்துப் போடுவதும், உரமிட்ட கையோடு வெள்ளமாக இறைக்காமல் தூறல் முறைக்கு மாறுவதும், பூவரசங்குழை தாழ்க்கும் பழைய வழக்கத்தைக் கொஞ்சமாவது திரும்பக் கொண்டுவருவதும் பணத்தையும் மிச்சப்படுத்தும். கரையோரத்தில் மோட்டாரைச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு ஓட்டுவது கிணற்றின் ஆயுளைக் கூட்டும்.

தனி வீட்டுக்கு எட்டாதது குளம். குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களும் கேணிகளும் இருந்தன. மழையை வாங்கி மெல்லக் கீழே இறக்கிய அவற்றில் பல இன்று மேடாகி, வரம்பு சுருங்கி, கடையாகவும் மைதானமாகவும் மாறிவிட்டன. 2021இல் யாழ் நகரத்து ஆரியகுளம் புதுக்கப்பட்டபோது மாலையில் குடும்பங்கள் கூடின. அழகு வேண்டியதே. ஆனால் நடைபாதையைவிட முக்கியமானது, குளத்துக்கு வெள்ளம் வரும் வாய்க்கால் அடைபடாமல் இருப்பதும், அந்த வெள்ளத்தோடு சாக்கடை சேராமல் இருப்பதும். ஊர்ச்சங்கங்கள் கோடையில் ஒரு நாள் கூடி வாய்க்காலைத் துப்புரவாக்கினாலே பாதி வேலை.

இந்த இடத்தில் புலம்பெயர்ந்த உறவுகளோடு ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்குத் தண்ணீர் கொடுக்க அனுப்பும் பணம் பெரும்பாலும் சுத்திகரிப்பு இயந்திரமாகவும் பெயர்ப்பலகையாகவும் வந்து சேருகிறது. இயந்திரம் தேவைப்படும் தீவுகளும் கிராமங்களும் உண்டு. ஆனால் அதன் சவ்வை யார் மாற்றுவது, மின்கட்டணத்தை யார் கட்டுவது, பிரித்தெடுத்த உப்புநீரை எங்கே விடுவது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாமல் வைத்த இயந்திரம் சில ஆண்டுகளில் நின்றுவிடுகிறது. விட்ட உப்புநீர் பக்கத்துக் கிணற்றுக்கே திரும்பிப் போகிறது. ஊரில் இருக்கும் எல்லாக் கிணறுகளையும் சோதித்து முடிவைச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுவதற்கும், இருபது வீட்டுக்கு அடிபூசிய மலக்குழி கட்டிக்கொடுப்பதற்கும், ஒரு பள்ளிக்கூடக் கூரைக்குப் பீலியும் தொட்டியும் போடுவதற்கும் யாரும் பெயர்ப்பலகை திறப்பதில்லை. அடுத்த முறை ஊர்ச்சங்கம் தொலைபேசியில் பணம் கேட்கும்போது, அந்தச் சோதனை முடிவுகளை முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.